டகெட் குடும்பம் வேறு கம்பெனி வண்டியில் ஏறாது

1

இந்தக் கதை பிறந்தது எங்கள் சாப்பாட்டு மேசையில். உருளைக்கிழங்கை என் பக்கம் தள்ளிவிட்டு மருமகள் மார்லா சொன்னாள்: "மாமா, காளைங்கள ஏத்துற புது ட்ரெய்லருக்கு நம்ம பிக்கப் பத்தாது. பக்கத்துப் பண்ணை ஆஸ்ட்லண்ட் வீட்டுல நிக்குதே, அந்த மாதிரி பெரிசாதான் வாங்கணும்."

அமெரிக்காவில் எங்கள் வயோமிங் மாநிலத்தில் மனிதர்கள் தேவாலயத்தை மாற்றுவார்கள், மனைவியைக்கூட மாற்றுவார்கள். வண்டிக் கம்பெனியை மாற்ற மாட்டார்கள். என் தகப்பனார் காலம் முதல் எங்கள் டகெட் குடும்பத்துக்கு ஒரே கம்பெனி. அந்தக் கம்பெனியோ இதைவிடப் பெரிய பிக்கப் செய்வதில்லை. ஆஸ்ட்லண்ட்காரர்களோடு வேலித் தகராறில் பேச்சுவார்த்தையும் இல்லை. அதனால் அவளுக்குப் பதில் சொல்லாமல் இதை எழுதத் தொடங்கினேன். (எழுத்தில் குறுக்கே பேச மாட்டாள் என்று நம்பினேன்.)

2

முதல் தொடக்கம்: "ஏழு காளைகளை ஏற்றிய ட்ரெய்லரை எங்கள் பிக்கப் பூப்போல இழுத்துக்கொண்டு மலை—"

"இழுக்கும் மாமா, யாரு இல்லேன்னா? இறக்கத்துல நிக்காது."

[விளம்பரத்தில் போட்ட இழுவை எடை போதும். ஆனால் ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டிய விவரத்தாளில் வேறோர் எடை போட்டிருக்கிறது: வண்டி தன்மேல் தாங்கக்கூடியது. ட்ரெய்லர் பாரத்தில் ஒரு பங்கு வண்டியின் மேல்தான் இறங்கும். அதோடு நான், மகன் ராய்ஸ், கருவிப்பெட்டி. கூட்டினால் அந்த அளவை மீறுகிறது; இறக்கத்தில் பிரேக் தாங்காது. போலீஸ் எடைபோட்டால் அபராதம். விபத்தானால் இன்சூரன்ஸ் கைவிரிக்கும். அந்தத் தாள்தான் தவறு என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன்.]

3

கதையில் மார்லாவை அதிகப்பிரசங்கியாக ஆக்கிப் பார்த்தேன். தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"உங்க கதையில வண்டிய யாரு ஓட்டறது?"

"ராய்ஸ்தான். வேற யாரு?"

"என் புருஷன மலையிலேர்ந்து உருட்டி விடறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.

"வாங்கறதுக்கு முன்னாடி ஓட்டிப் பாக்க ஆஸ்ட்லண்ட் வண்டியக் கேட்டிருக்கேன். சந்தைக்கு அதுல போங்க. வேணும்னா வழியெல்லாம் முறைச்சிட்டே போங்க, யாரும் தடுக்கல."

4

கதைக்கு நான் யோசித்த முடிவுகள்:

அ) பெரிய பிக்கப்பை வாங்கி, கம்பெனிச் சின்னத்தின்மேல் எங்கள் மாட்டுச் சூட்டுக்குறியை ஒட்டி மறைக்கிறோம்.

ஆ) எங்கள் வண்டியிலேயே போகிறோம். இறக்கத்தில் ராய்ஸ் பிரேக்கை மிதிக்கிறான். ட்ரெய்லர் பின்னாலிருந்து

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

5

முற்றத்தில் எங்கள் வண்டியும் ஆஸ்ட்லண்ட் வண்டியும் நிற்கின்றன. "அப்பா, ட்ரெய்லர எதுல மாட்டட்டும்?" என்று ராய்ஸ் கேட்கிறான்.

வாசகரே, அவனுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுங்கள். உங்கள் பெயர் டகெட் இல்லை, உங்களுக்குச் சுலபம். நான் தொப்பியை மாட்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். எந்த வண்டியின் முன்சீட்டு என்பதை எழுதுவது எங்கள் குடும்பத்துக்கு அழகல்ல.