வெளியே ஒரு பிரதி

பேருந்து குலுங்கும்போதெல்லாம் அவள் மடியிலிருந்த நீலத் துணிப்பையை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தாள். குலுக்கக் கூடாது, கீழே போடக் கூடாது, ஈரம் படக் கூடாது என்று அண்ணன் சொல்லி ஏழு வருஷமாகிறது. அண்ணன் நேற்று சாயங்காலம் போய்விட்டார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில், ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. விடிந்ததும் அண்ணி போனில் சொன்னபோது அவளுக்கு அழுகை வரவில்லை. நேராக அலமாரியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து இந்தப் பையைத்தான் எடுத்தாள். உள்ளே சோப்புக் கட்டி அளவில் ஒரு ஹார்ட் டிஸ்க். அண்ணன் குடும்பத்தின் படங்கள், வீடியோக்கள், பத்திரங்கள் அத்தனைக்கும் பிரதி. அதைச் சேதமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். இந்த ஒரு காரியத்திலாவது அவர் குறை சொல்ல முடியாதபடி செய்துவிட வேண்டும்.

குறை பழையது. அம்மா போன பிறகு அம்மாவின் ஆல்பங்கள் நான்கும் அவளிடம்தான் இருந்தன. சமையலறைத் தொட்டிக்குக் கீழே அட்டைப்பெட்டியில் வைத்திருந்தாள். குழாய் ஒழுகி, ஒரு வாரம் யாருக்கும் தெரியாமல் நனைந்து, திறந்து பார்த்தபோது பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரித்தால் அம்மாவின் முகம் எதிர்ப்பக்கத்தோடு போயிற்று.

"உன்ன நம்பி இனிமே ஒரு கிழிஞ்ச துணியக்கூடக் குடுக்க மாட்டேன்" என்றார் அண்ணன்.

அவளா சும்மா இருப்பாள்? "அம்மாவப் பாத்துக்கிட்டது நான். படத்தப் பாத்துக்கலைன்னு கேக்க வந்துட்டியா நீ?" என்றாள்.

அம்மா விட்டுப்போன சொத்தில் வீம்பு மட்டும் இருவருக்கும் சரிபாதி வந்திருந்தது. பேச்சு நின்றது. சின்ன வயதிலிருந்து அவர் அவளைச் 'சுண்டு' என்றுதான் கூப்பிடுவார். அதுவும் நின்றது.

அந்தக் கோபத்தில்தான் அண்ணன் வீட்டுக்கு ஒரு ஸ்டோரேஜ் பெட்டி வாங்கினார். வீட்டில் எல்லார் போனிலிருந்தும் படங்களைத் தானாக வாங்கி வைத்துக்கொள்ளும் பெட்டி. அதைத் தேர்ந்தெடுக்க எட்டு மாதம் ஆயிற்று. பெண் பார்க்கக்கூட இவர் இத்தனை நாள் அலையவில்லை என்று அண்ணி போனில் சிரித்தாள். கடைக்காரர் நாலு டிஸ்க் போடுகிற பெட்டியைத் தலையில் கட்டப் பார்த்திருக்கிறார். "மூணு பேர் சாப்பிட முந்நூறு பேருக்குச் சமைக்கிற அண்டாவா?" என்று கேட்டு, இரண்டு டிஸ்க் பெட்டியோடு வந்தாராம். ஒன்றில் எழுதுவதையே மற்றதும் எழுதிக்கொள்ளும், ஒன்று பழுதானாலும் மற்றது கைகொடுக்கும். லிஃப்டைத் தாங்க ஒரு கயிறு போதும், ஆனாலும் ஆறு கயிற்றில்தான் தொங்கவிடுவோம் என்பவர் அவர். அப்படியும் மனம் ஆறவில்லை. வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் இரண்டும் சேர்ந்துதானே நனையும்? ஒரு பிரதி வெளியே இருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்று மாடி ஏறி, லிஃப்ட்காரர் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார்.

"இது உன்கிட்ட இருக்கட்டும்."

"என்கிட்டயா?"

"அடுத்த மாசம் இன்னொன்னு கொண்டுவந்து குடுத்துட்டு இத வாங்கிட்டுப் போவேன். அப்பப்ப புதுசா ஏத்தணும்ல. ரெண்டும் ஒரே எடத்துல மட்டும் இருக்கவே கூடாது."

கிழிந்த துணிக்கே நம்பாதவர் ஏன் வந்தார் என்று அவள் கேட்கவில்லை. வேறு போக்கிடம் இல்லாமல் வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். தையல் அவள் தொழில். உள்ளே பஞ்சு வைத்து, நீலத்தில் ஒன்றும் சாம்பல் நிறத்தில் ஒன்றுமாக இரண்டு பைகள் தைத்து வைத்தாள். அடுத்த முறை வந்தவர் பஞ்சை அழுத்திப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

ஏழு வருஷத்தில் ஒரு மாதம் தவறவில்லை. டிஸ்க்கின் மேல் ஒட்டிய டேப்பில் அன்றைய தேதியைக் குண்டு குண்டாக எழுதிக் கொண்டுவருவார். வாசலில் நின்றபடியே மாற்றுவார், ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பார், போவார். "குழாய் இப்ப ஒழுகலையே?" என்று சில சமயம் கேட்பார். குத்திக் காட்டுகிறார் என்று அவளுக்குச் சுருக்கென்றிருக்கும். "இல்லீங்க" என்பாள். அண்ணனை வா, போ என்று பேசி வளர்ந்தவள், யாரோ போல.

போன மாதம் அவர் வாசலில் இருந்த செருப்புப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் குடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அடுப்பில் தேநீருக்கு வைத்த பால் பொங்கும் நேரம். தேநீர் குடிக்கிறியா என்று கேட்கத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"உங்களுக்கு நேரமாகலையா?" என்று கேட்டாள்.

"ஆமா, ஆச்சு" என்று அவர் முழங்காலைப் பிடித்து எழுந்தார்.

பேருந்து முழுக்க அவள் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

கூடத்தில் அண்ணனைக் கிடத்தியிருந்தார்கள். யாரோ தலை வாரியிருந்தார்கள். வகிடு இடம் மாறியிருந்தது. அவள் குனிந்து விரலாலேயே அதைக் கலைத்து, அவர் எடுக்கும் பக்கம் எடுத்துவிட்டாள். முடி இன்னும் மெத்தென்றிருந்தது.

உள்ளறையில் அண்ணி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகை கொஞ்சம் அடங்கியதும் அவள் பையை நீட்டினாள்.

"அண்ணி, இத வாங்கிக்குங்க. ஒரு கீறல் இல்ல. பாத்துக்குங்க."

அண்ணிக்குப் புரியவில்லை. அண்ணன் மகள்தான் கைநீட்டி வாங்கினாள். கல்லூரியில் படிக்கிறவள், அழுதழுது கண் வீங்கியிருந்தது. "என்ன அத்தை இது?"

"எல்லாம் இதுலதானம்மா இருக்கு. வீட்ல பெட்டிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா..."

"பெட்டி நல்லாத்தான் அத்தை இருக்கு. அதுலேர்ந்து தினமும் தானா நெட்ல ஏறிடும். நாலு வருஷமாச்சு, நான்தான் அப்பாக்குப் போட்டுக் குடுத்தேன். இந்த டிஸ்க்கெல்லாம் அப்பவே தேவையில்லாமப் போச்சு."

"இல்லம்மா. மாசாமாசம் மாத்துவார். போன மாசத் தேதிகூடப் போட்டிருக்கு பாரு."

டேப்பில் தேதி இருந்தது. மகள் லேப்டாப்பை எடுத்து டிஸ்க்கைச் செருகினாள். திரையின் ஓரத்தில் அதன் பெயர் வந்தது: சுண்டு. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் கடைசிப் படத்தைத் திறந்தாள். பல்லில் கம்பி கட்டி, பள்ளிக்கூடச் சீருடையில் மகளே நின்றாள்.

"இது நான் பத்தாவது படிக்கிறப்போ. இதுக்கப்புறம் இதுல எதுவுமே ஏத்தல அத்தை."

"அப்ப எதுக்கு வந்தாரு?"

கூடத்தில் யாரோ நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

அண்ணி மூக்கைச் சிந்திக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "நானும் கேட்டேன். 'போற பழக்கம் போயிட்டு இருக்கட்டுமே'ன்னார். மாடி ஏறவே கூடாதுன்னு டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகுது. அங்க போக வேணாம்னேன். 'அவ கட்டடத்துல புதுசா லிஃப்ட் போட்டுட்டாங்க, நல்ல லிஃப்ட், நானே செக் பண்ணேன்'னார்." பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். "இருக்குல்ல?"

மூன்று மாடி. ஐம்பத்தெட்டுப் படி. தையல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு தினமும் எண்ணிய படிகள்.

"இருக்கு அண்ணி" என்றாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ஏழு வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், உள்ளே வா அண்ணா என்று சொல்லியிருக்கலாம்.

நாலு மணிக்கு எடுப்பதற்குச் சற்று முன்னால், அண்ணனோடு வேலை பார்ப்பவர் அவருடைய தோள்பையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே கழுவிய டிபன் பாக்ஸ், டெஸ்டர், மூக்குக்கண்ணாடி. அடியில் சாம்பல் நிறத் துணிப்பை.

"மறந்துடக் கூடாதுன்னு அத எப்பவும் பையிலயே வச்சிருப்பாரும்மா" என்றார் அவர். "ஞாயித்துக்கிழமை லீவ் மாத்திக் குடுன்னா மட்டும் கேக்க மாட்டார். தங்கச்சி காத்துக்கிட்டு இருக்கும்பார்."

அண்ணி அந்தப் பையை வாங்கிப் பார்க்காமலே அவளிடம் கொடுத்தாள். நீலப் பையையும் சேர்த்துக் கொடுத்தாள். சாம்பல் பையிலிருந்த டிஸ்க்கின் டேப்பில் வரிசையாகத் தேதிகள். கடைசியாக, நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமையின் தேதி. மையில், குண்டு குண்டாக.

எல்லாம் முடிந்து அவள் திரும்பியபோது வெயில் இன்னும் படிக்கட்டு ஜன்னலில் இருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று ஏறினாள். இரண்டாவது மாடியில், கைப்பிடிச் சுவரில், ஒரு ஆள் சாய்ந்து நிற்கும் உயரத்தில் சுண்ணாம்பு தேய்ந்திருந்தது. யார் சாய்ந்து தேய்ந்ததோ. அவளும் அங்கே கொஞ்ச நேரம் சாய்ந்து நின்றாள்.

வீட்டுக்குள் போய் முகம் கழுவினாள். தொட்டிக்குக் கீழே குனிந்து குழாயைத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

அலமாரியைத் திறந்து நீலப் பையை அதன் இடத்தில் வைத்தாள். சாம்பல் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு துணிகளைக் கொஞ்சம் நகர்த்தி, அதையும் நீலப் பைக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.