நடுவில் ஒரு வீடு

"அடியில பூந்து போனியா இல்லியா? அத மட்டும் சொல்லு."

"அந்தப் பக்கம் போறவன் எல்லாந்தான்..."

"போறவன் எல்லாரையுமா நான் கட்டிக்கிட்டேன்? ஒன்னத்தான் கேக்கறேன்."

"கத்தாதடி, புள்ள முழிச்சிக்கும்."

"முழிச்சிக்கட்டும். அப்பன் பண்ற வேல அதுக்கும் தெரியட்டும்."

அஞ்சலாட்சி புருஷனின் சட்டையை முதுகுப்பக்கம் தெரிய விரித்துப் பிடித்திருந்தாள். தோள்பட்டைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பாக மசகு. இரண்டு மாதமாக அதை மில் எண்ணெய் என்று நம்பி, சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி வெந்துபோயிருந்தது. இன்று மத்தியானம் கதிர்காமத்துக் கடலை மண்டியில், மூட்டை தூக்கும் ராஜாங்கம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான்: "ஒன் வூட்டுக்காரன் பெருச்சாளி மாதிரி பூர்றான், தங்கச்சி. வெடியக்கால நான் கூட்ஸுல மூட்ட ஏத்திக்கிட்டு இருக்கேன், பெட்டிக்கு அடியில அவன் தல தெரியுது."

சாமிக்கண்ணு சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

"நின்னுகிட்டு இருக்கிற வண்டிதான அஞ்சல. ஓடுற வண்டியா?"

"நிக்கிற வண்டி ஒருநாள் ஓடாதா?"

அதற்கு மேல் அவளாலும் ஒரேயடியாக அவன்மேல் பாய முடியவில்லை. நெல்லித்தோப்பில் இந்த வீட்டைப் பிடித்ததே அவள்தான். அவனுக்கு முதலியார்பேட்டை மில்லில், ஆள் வராத இடத்துக்குப் பதிலி வேலை. அவளுக்குக் கதிர்காமத்தில் கடலை உடைக்கிற வேலை. மில் பக்கம் குடியிருந்தால் இவளுக்குத் தூரம், மண்டி பக்கம் குடியிருந்தால் அவனுக்குத் தூரம். "நடுவுல இருந்துட்டா ஒருத்தர ஒருத்தர் கொற சொல்ல வேணாம் பாரு" என்று ஒற்றைக் காலில் நின்று மாசி மாதம் குடிவந்தாள். கடிகாரத்துக்கு எங்கே போவது? மில் சங்குதான் கடிகாரம். முதல் சங்கு ஊதியதும் இந்த வாசலிலிருந்து அவனை நடக்கவிட்டு, பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே போய்ப் பார்த்தாள். மில் கேட்டுக்குப் போய் அவன் ஒரு பீடி குடித்து முடித்த பிறகுதான் இரண்டாம் சங்கு ஊதியது. "பாத்தியா, ஒரு பீடி மிச்சம்!" என்று அன்றைக்கு அவளுக்கு என்ன பெருமை!

மாசியில் கடலை அறுவடை கிடையாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கடலை இல்லாவிட்டால் கூட்ஸ் வண்டி கிடையாது என்பதுதான் தோன்றவில்லை. வைகாசியில் வந்தது வண்டி. ராத்திரி முழுக்க நின்று, விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் கிளம்பும். அதுவரை மில்லுக்குப் போகிற வழியிலுள்ள ரயில் கேட்டைத் திறக்க மாட்டார்கள். வால் பக்கமாகச் சுற்றிப் போக முக்கால் மணி நேரம் கூடுதலாகும்.

"அப்ப நான் ஒடைக்கிற மல்லாட்டதான் ஒன்ன மறிச்சிக்கிட்டு நிக்குதா?" என்று கேட்டாள்.

"நீ ஒருத்தி ஒடைச்சா அம்மாந்நீளம் நிக்குது?" என்று அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"கொஞ்சம் முன்னாலயே கெளம்பிச் சுத்திப் போறதுக்கென்னா?"

"புள்ளைய யாரு பாக்கிறது? நீ இருட்டோட பொம்பளைங்க கூட்டத்தோட போயிடற. பக்கத்தூட்டு ஹாஜிராக்காவுக்குக் கொழாயில தண்ணி நிக்கிற வரைக்கும் கை ஒழியாது. மொத சங்குக்குத்தான் புள்ளைய வாங்குது."

"ஒருநாள் போவலன்னா என்னா?"

"இந்த மாசமா? மேஸ்திரி சொன்னத மறந்துட்டியா? ஆடி பூரா ஒருநாள் தவறாம வேல செஞ்சவனத்தான் ஆவணியில நெரந்தரம் பண்ணுவாங்களாம். பதிலிங்க அறுபது பேரு வந்து நிக்கிறோம். வரிசையில முன்னால நிக்கிற இருபது பேரத்தான் உள்ள எடுக்கறான். ஆறு வருஷமா நான் பதிலி. பிரெஞ்சுக்காரனே ஊர வுட்டுப் போயிட்டான், நான் இன்னம் கேட்டுலயே நிக்கறேன்."

"அப்ப வூட்ட மாத்து. முதலியார்பேட்டைக்கே போயிடலாம். நான் நடந்துக்கறேன்."

"நேத்துதான ஆடி பொறந்துச்சி? ஆடியில எவன் குடி வெப்பான்?"

பக்கத்து வீட்டிலிருந்து ஹாஜிராவின் குரல் வந்தது. ஒரே சுவர், ஒரு வீட்டுச் சண்டை இரண்டு வீட்டுக்கும் பொது. "எங்களுக்கேது புள்ள ஆடியும் ஆவணியும்? என் நாத்தனா கரீமா வூட்டுல பின்கட்டு காலியாத்தான் கெடக்கு. மில்லு பக்கத்துலயே. சங்கு ஊதினா பானைத் தண்ணி அதிரும். நான் சொன்னேன்னு போயிக் கேளு."

மறுநாள் சாயங்காலம் அஞ்சலாட்சி மண்டியிலிருந்து நேரே அங்கே போனாள். கரீமா மறுப்பே சொல்லவில்லை; விளக்கை எடுத்துக்கொண்டு பின்கட்டைத் திறந்து காட்டினாள். முன்கட்டில் குடியிருக்கும் செல்வாம்பாள்தான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"வாசல் ஒண்ணுதாம்மா. எம் பொண்ணு மொதப் பிரசவத்துக்கு வந்திருக்கா. ஆடியில ஒருத்தர் குடிவந்த வாசப்படிய அவ நெறமாசத்தோட தாண்டணும். நீயும் புள்ள பெத்தவதான?"

"ஒரு மாசந்தான் அக்கா..."

"அந்த ஒரு மாசந்தாம்மா நானும் கேக்கறேன். ஆவணி மொத தேதி வா. நானே கோலம் போட்டு அழைக்கறேன்."

உள்ளேயிருந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். வயிறு இறங்கியிருந்தது. அவள் இடத்தில் தன் தங்கச்சி இருந்தால் தானும் இதைத்தான் சொல்லியிருப்போம் என்று அஞ்சலாட்சிக்குத் தெரிந்தது. சண்டை பிடிக்கவும் ஆளில்லாமல் திரும்பினாள்.

வழியில் ரயில் கேட்டு திறந்திருந்தது. தண்டவாளத்தில் வண்டி இல்லை. கல்லில் மட்டும் மசகு சொட்டியிருந்தது. தாண்டும்போது ஓட வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் ஓடித்தான் தாண்டினாள்.

"நாளையிலேருந்து நான் மண்டிக்குப் போவல. புள்ளைய நான் பாத்துக்கறேன். நீ இருட்டோட கெளம்பிச் சுத்திப் போ" என்றாள், வீட்டுக்குள் நுழையும்போதே.

"சீசன்ல எடத்த விட்டா திரும்பக் கெடைக்காது அஞ்சல."

"கெடைக்காட்டிப் போவுது."

விடியற்காலையில் மண்டி மேஸ்திரி சின்னப்பாப்பா வழக்கம்போல வாசலில் நின்று குரல் கொடுத்தாள்.

"வரலக்கா."

"ஒடம்புக்கு முடியலியா?"

"இல்ல. வரல."

"ஒன் எடத்துல இன்னிக்கே வேற ஆளு ஒக்காந்துடும், பாத்துக்க."

"ஒக்காரட்டும்."

பெண்களின் பேச்சும் சிரிப்பும் கதிர்காமத்துப் பாதையில் தேய்ந்து போயின. சாமிக்கண்ணு அதற்கு முன்பே கிளம்பிப் போயிருந்தான். முதல் சங்கு ஊதியது. இரண்டாம் சங்கும் ஊதியது. ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவள் பிள்ளைக்கு நிதானமாகத் தலை வாரிவிட்டாள்.

சாயங்காலம் அவன் வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். அவள் எடுத்து விரித்தாள்.

"சுத்திப் போன இல்ல?"

"போனேன்."

"அப்ப இது என்னா?"

அவன் செம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்து முடித்தான். "பாதி தூரம் போனேன். திரும்பிப் பாத்தா அத்தன பதிலியும் இருட்டோடயே வந்துட்டான். ஒவ்வொருத்தனா அடியில பூந்து அந்தப் பக்கம் ஓடறான். நான் சுத்திக்கிட்டுப் போயி அறுபதாவது ஆளா நின்னா மேஸ்திரி என்னப் பாத்துப் பாவப்படுவானா? திரும்பி வந்து பூந்தேன்."

"எத்தினியாவது ஆளா நின்ன?"

"பதினெட்டு."

ஆடியில் இன்னும் இருபத்தெட்டு நாள் இருந்தது. மண்டியில் அவள் இடத்தில் யாரோ உட்கார்ந்தாகிவிட்டது. தட்டை வைத்துச் சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள். அவன் குனிந்து பிசைந்தான். மடியில் கிடந்த சட்டையில் அந்தக் கருப்பை விரலால் தடவிக்கொண்டே, சண்டை போடுகிற குரலே இல்லாமல் கேட்டாள்:

"எஞ்சின் வந்து பெட்டியோட கோக்கறதுக்கு முன்னால, அடியில இருக்கிறவனுக்கு ஏதாச்சும் தெரியுமாய்யா?"