வசிதியின் காராமணிப் பூக்கள்

விடிந்ததும் தேநீரைக் குடித்துவிட்டு, சாலைக்கு அந்தப் பக்கமிருந்த வசிதியின் தோட்டத்துக்குப் போய்விடுவான் தர்மேன். சிங்கதோகா ஆற்றங்கரையில் வசிதி அந்த வருடம்தான் முதன்முதலாகக் காராமணி போட்டிருந்தாள். பூ வைத்த நேரம் பார்த்து அந்துப்பூச்சி முட்டையிட்டுவிட்டது. புழுக்கள் பூக்களை நூலால் ஒட்டி, உள்ளே உட்கார்ந்து தின்றன. மருந்துக்கும் அடங்கவில்லை, கையால்தான் பொறுக்க வேண்டியிருந்தது.

"நம்ம கத்தரிக்கு ஒருநாளாவது இப்படிக் குனிஞ்சிருக்கீங்களா?" என்று கேட்டாள் அவன் மனைவி ஊர்மிளா.

"பாவம், புருஷன் வெளிநாட்டுல, தனியா இருக்கா. பூ போச்சுன்னா காய் ஏது?"

அந்தப் 'பாவம்' அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாள் ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு அவன் பின்னாலேயே போனாள். பந்தலுக்கு அப்பாலிருந்து வசிதியின் குரல் கேட்டது.

"அப்புறம் அண்ணி என்ன பண்ணாங்க அண்ணே?"

"பன்னியைத் துரத்திட்டு ஓடி, சேத்துல இவளே விழுந்தா. பன்னி நின்னு வேடிக்கை பாக்குது!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஊர்மிளா அப்படியே நின்றாள். வீட்டில் என் முகம் பார்த்துச் சிரிக்காத மனுஷன், இங்கே வந்து என்னைச் சொல்லிச் சிரிக்கிறானே!

விறுவிறுவென்று உள்ளே போய்க் கைக்கு வந்த பூவையெல்லாம் பறித்துப் போட்டாள்.

"ஐயோ அண்ணி! அதெல்லாம் நல்ல பூ!" என்று வசிதி ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

காலடியில் ஊதாப் பூக்கள் சிதறிக் கிடந்தன. ஒன்றில்கூடப் புழு இல்லை. ஊர்மிளாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. வசிதி திட்டவில்லை. ஒட்டிக்கிடந்த ஒரு கொத்தைப் பிரித்துக் காட்டினாள். கரும்புள்ளி போட்ட வெளிறிய புழு ஒன்று நெளிந்தது. ஊர்மிளா அதை எடுத்துக் கல்லில் வைத்து நசுக்கினாள், தேவைக்கு மேலேயே.

"நாளையிலருந்து நான் வர்றேன். நீங்க வீட்டுல ரொட்டி சுடுங்க" என்றாள் புருஷனிடம்.

"எனக்கு எங்க ரொட்டி சுடத் தெரியும்?"

"கதை சொல்லத் தெரியுதில்ல?"



சொன்னபடி தினமும் போனாள். பாதிக்கு மேல் காய் தப்பியது. வசிதியோடு நல்ல பழக்கமும் ஆயிற்று. ஆனாலும் அவள் பெயரைத் தர்மேன் சொல்லும்போதெல்லாம் ஊர்மிளாவின் காது தானாக நிமிர்ந்தது. கிறிஸ்துமஸுக்கு வசிதியின் புருஷன் ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கும் வேலையிலிருந்து திரும்பி வந்தபோது, கோழி அடித்து விருந்து வைத்தவள் ஊர்மிளாதான்.