துக்கத்துக்கு ஒரு பாடம்

உளவியல் முதலாண்டுக்குப் பாடப்புத்தகம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஜஹனாராவின் தலையில் விழுந்தது. செங்கல்பட்டு கல்லூரியின் அந்தத் துறையில் இருப்பதே இரண்டு பேர்தான். மேசைமேல் பதிப்பகத்தார் அனுப்பிய மாதிரிப் பிரதிகள் இரண்டு. ஒன்று பழைய புத்தகத்தின் மறுபதிப்பு. வளவளவென்று பேசும், உருப்படியாக ஒன்றும் சொல்லாது. மற்றது புதியது. நல்ல தமிழ், நம்மூர் உதாரணங்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருக்கலாம். ஆனால் அதில் துக்கத்தைப் பற்றி ஒரு பாடம் இருந்தது.

ஓராண்டு கடந்தும் துக்கம் ஆளை முடக்கிப்போட்டால் சிகிச்சை வேண்டும் என்று அது ஆரம்பித்தது. அந்த வரியோடு புத்தகத்தை மூடிவிட்டாள். கணவர் அப்துல் கையூம் மவுத்தாகி இரண்டு வருஷம். முதல் வருஷ நினைவுக்குப் பாத்திஹா ஓதிய அன்றே நாத்தனார்கள், "இன்னும் இன்னாத்துக்கு அழுதுகினு கீற?" என்று தொடங்கிவிட்டார்கள். இப்போது புத்தகமும் அவர்கள் கட்சியா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பழசே இருக்கட்டும் சார்."

துறைத்தலைவர் கலையரசன் நிமிர்ந்து பார்த்தார். "இன்னா மேடம், புதுசு நல்லாத்தானே கீது? துக்கம் பத்தின பாடத்த முழுசா படிச்சீங்களா?"

படிக்கவில்லை. பாதி படித்துவிட்டுப் பரீட்சைக்கு வராதே என்று பிள்ளைகளைத் திட்டுகிறவள் அவள். வெட்கமாகப் போய்விட்டது. அங்கேயே உட்கார்ந்து மீதியைப் படித்தாள்.

அழுவது நோயில்லை, இறந்தவரை நினைப்பதும் நோயில்லை என்றது பாடம். அவர் இருந்த இடத்தின் பக்கமே போகமுடியாமல், பெற்ற பிள்ளையோடுகூட ஒட்டாமல் நாள் போனால், அந்த ஆளுக்குத் துணை வேண்டும் என்றது.

மாமல்லபுரத்தில் கணவர் நடத்திய துணிக்கடையின் சாவி அவள் கைப்பையில்தான் கிடந்தது. கடையைத் திறப்பது இருக்கட்டும், அந்த ஊர் பஸ்ஸிலேயே அவள் ஏறவில்லை. மகள் ஹனியா போன் செய்தால் இவள் இரண்டு வார்த்தையோடு வைத்துவிடுவாள். பாடம் சொன்ன அந்த ஆள் அவளேதான். ஆனால் அழுகையை நிறுத்து என்று இந்தப் புத்தகம் எங்குமே சொல்லவில்லை.

புதிய புத்தகத்தின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

கலையரசன் சற்றுத் தயங்கினார். "அந்தப் பாடத்த மட்டும் நான் எடுக்கட்டுமா மேடம்?"

"எடுங்க சார்," என்றாள். "நான் கடைசி பெஞ்சுல உக்காந்து கேட்டுக்கறேன்."