ஒன்பதாவது கப்பல்

சடையப்பன் இறந்து முப்பத்தொரு மணி நேரம் கழித்து அவருடைய மகன் ஜப்பானிலிருந்து வந்து சேர்ந்தபோது, யுவராணி ஐஸ் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கடல்காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிந்து அப்பாவின் முகத்தை மறைத்தது. துடைத்தால் சிறிது நேரம் தெரியும், மறுபடி வெள்ளையாகிவிடும். நேற்றிலிருந்து இதுதான் அவளுடைய வேலை. வேறு யாருக்கும் அது ஒரு வேலையாகத் தோன்றவில்லை.

அருண்ராஜ் காரை விட்டு இறங்கி ஓடிவந்து பெட்டியின் மேல் விழுந்தான். அவன் கன்னம் பட்ட இடத்தில் மட்டும் கண்ணாடி தெளிந்தது. அம்மா சுலோசனா அவனைக் கட்டிக்கொண்டாள். அழுது ஓய்ந்திருந்த பெண்கள் இன்னொரு முறை முதலிலிருந்து அழுதார்கள். யுவராணி ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றாள். அவன் தங்கையைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான்.

அழுகை அடங்கியதும் அவன் கேட்டது கப்பல்களைத்தான்.

முன்னறை அலமாரியில் எட்டு பொம்மைக் கப்பல்கள் இருந்தன. ஒன்பதாவது, ஒரு மீன்பிடிக் கப்பல், ஜன்னலோர மேசையில் முடிவடையாமல் நின்றது. எல்லாவற்றையும் அவன் போனில் பார்த்திருந்தான். இப்போது ஒவ்வொன்றாக எடுத்து வந்து சொந்தக்காரர்களுக்குக் காட்டினான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஸ்ட்ரோக் வந்து அப்பாவின் வலதுபக்கம் விழுந்தது, விரல்களுக்கு வேலை கொடுக்கச் சொல்லி டாக்டர் சொன்னது, தனக்கு இந்த யோசனை வந்தது, துண்டு துண்டாக ஒட்டிச் செய்யும் ஒவ்வொரு கிட்டையும் கடை கடையாக ஏறித் தானே தேர்ந்தெடுத்து அனுப்பியது எல்லாவற்றையும் சொன்னான். தன் ஆபீஸில் இந்தப் படங்களைப் பார்க்காதவர்கள் இல்லை என்றான். இடையஞ்சாவடியிலிருந்து வந்திருந்த கலியமூர்த்தி சித்தப்பா ஒரு போர்க்கப்பலின் பீரங்கிகளை எண்ணிப் பார்த்துவிட்டு, அண்ணனுக்கு இவ்வளவு பொறுமை இருந்தது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சுலோசனா மகளைப் பார்த்தாள். யுவராணி சுவரைப் பார்த்தாள்.

மேசைக்கு மேலே சுவரில் ஒரு மஞ்சள் கறை இருந்தது. முதல் கிட் வந்தபோது சடையப்பன் பசைப் புட்டியை எறிந்த இடம். அவர் இரண்டு நாள் முயன்று பார்த்தார். பிளாஸ்டிக் சட்டத்தில் அரிசியைவிடச் சிறிய துண்டுகள் நூற்றுக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்தன. நடுங்கும் இடது கையால் ஒன்றை இடுக்கியில் பிடித்தார். அது தெறித்துப் போனது. இன்னொன்றைப் பிடித்தார், அதுவும் போனது. முதலாவது மறுநாள் அவருடைய லுங்கி மடிப்பில் கிடைத்தது. இரண்டாவது கிடைக்கவே இல்லை. தினமும் வெயிலில் நின்று உப்பு வாரிய மனிதர் அவர். நாற்காலியில் உட்கார்ந்து பொம்மை ஒட்டும்படி மகன் சொல்லிவிட்டான்.

“இத்த தூக்கிக் கடாசு,” என்றார்.

யுவராணி கடாசவில்லை. பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அருண்ராஜ் போனில் கூப்பிட்டு எவ்வளவு முடிந்தது என்று கேட்டான். சடையப்பன், பாதி என்றார். போனை வைத்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை எடுக்கச் சொன்னார்.

வேதியியல் படித்துவிட்டுப் புதுச்சேரியில் ஒரு மருந்துக் கம்பெனியின் லேபில் இருந்த யுவராணி, அப்பா விழுந்ததும் வேலையை விட்டிருந்தாள். துண்டு பறக்கும் என்பதால் மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வியர்வை சொட்ட உட்கார்ந்தாள். செய்முறைத் தாள் முழுக்க ஜப்பானிய எழுத்து. போனைக் காட்டி மொழிபெயர்த்தால், காதை வெட்டி மூக்கில் ஒட்டி ஒரு நாள் தூங்கவிடு என்றது. கப்பலின் இரண்டு பாதிகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இடையில் நகம் நுழையும் இடைவெளி. அதை அடைத்து, தேய்த்து, மறுபடி அடைத்தாள். ஒரு கிட்டில் ஏணி இரண்டு இருந்தது, சுக்கான் இல்லை. தண்ணீரில் நனைத்து ஒட்டும் படம் பாதி வழியில் தன்மேலேயே மடிந்துகொண்டது. மழைக்காலத்தில் பூசிய கறுப்பு வண்ணம் காய்வதற்குள் பால் ஊற்றியதுபோல வெளுத்தது. எத்தனையோ மத்தியானங்கள் அண்ணனைத் திட்டிக்கொண்டே ஒட்டினாள்.

நாலாவது கப்பலின்போதுதான், சமையல் முடிவதற்குள் கை மேசைக்குப் போகத் துடிப்பதை கவனித்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

முடிந்த கப்பலை அப்பாவின் மடியில் வைத்து, இடது கையில் இடுக்கியைச் செருகி, போனுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். அன்றைக்கு அருண்ராஜ் நிறையப் பேசுவான். இந்தக் குழாய் எப்படிப்பா ஒட்டினீங்க, இந்த நூல் எப்படிக் கட்டினீங்க என்பான். அவள் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்ததை அப்பா குழறிக் குழறிச் சொல்வார். அவனிடம் சொல்லாதே என்று ஒரே ஒரு முறை அவளிடம் சொல்லியிருந்தார். ஆனால் தினமும் காலையில் பல் துலக்கிவிடும்போது, முடிஞ்சுதா என்று கேட்பார்.

இந்த மீன்பிடிக் கப்பலுக்கு ஏழு மாதம் ஆனது. அதன் துருவுக்காகத்தான் அவ்வளவு நாள். துரு நிறத்தைப் பூசி, ஈரப்படுத்தி, உப்பைத் தூவி, அதன் மேல் வெள்ளை வண்ணம் அடித்து, காய்ந்ததும் உப்பைத் தேய்த்து எடுத்தால் வண்ணம் உரிந்து துரு தெரிவதுபோல இருக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தாள். உப்புக்கு எங்கே போவது என்று அவள் யோசிக்கவே இல்லை. தங்கள் உப்புப் பாத்தியிலிருந்து ஒரு கிண்ணம் அள்ளி, இடித்துத் தூவினாள். இரண்டு நாளாகியும் அது காயவில்லை, கசிந்தது. வண்ணம் கொப்புளமாக எழுந்தது. பாத்தி உப்பில் மக்னீசியம் இருக்கும், அது காற்றின் ஈரத்தை இழுக்கும். மூன்று வருஷம் படித்த பாடம். உப்பு என்றதும் கை உப்பளத்துக்குத்தான் போயிருக்கிறது. எல்லாவற்றையும் சுரண்டிவிட்டுக் கடையில் தூள் உப்பு வாங்கி வந்தாள்.

“உப்பளக்காரன் வூட்ல பாக்கெட்டு உப்பா,” என்று சொல்லிவிட்டு சடையப்பன் பாதி வாயால் சிரித்தார்.

அதற்குப் பிறகு அவர் சிரித்ததாக அவளுக்கு நினைவில்லை.

இப்போது வெளியே மேளக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். உடம்பைக் குளிப்பாட்டி, கோடித் துணி போர்த்தி, பந்தலில் பெஞ்சின் மேல் கிடத்தியிருந்தார்கள். இறந்தவர் ஆசையாக வைத்திருந்த பொருளைக் குழியில் கூட வைப்பது அந்தத் தெரு வழக்கம். உப்பு வாரும் பலகையை, பிடியை அறுத்துவிட்டு வைக்கலாம் என்றார் கலியமூர்த்தி.

“வேணாம் சித்தப்பா. இந்தக் கப்பலை வைங்க,” என்றான் அருண்ராஜ். “கடைசியா செஞ்சது. அவர் உசுரே இதுலதான் இருந்துச்சு.”

யுவராணி ஓரடி முன்னால் வந்தாள். சுலோசனா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வுடுடி. போற நேரத்துல எதுக்கு.”

சவ ஊர்வலத்தோடு பெண்கள் தெருமுனைக்கு மேல் போகக் கூடாது. தெருமுனையைத் தாண்டினால் கப்பல் போனதுதான்.

அதை முடித்து வைக்க வேண்டும் என்று அருண்ராஜ் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை. கொடிமரமும் நங்கூரமும்தான் பாக்கி. அப்பா விட்ட இடத்திலிருந்து மகன் முடிப்பது நல்லதுதானே என்றார்கள். மேசையைப் பந்தலுக்குக் கொண்டுவந்தார்கள். அவன் கொடிமரத்தைச் சட்டத்திலிருந்து வெட்டாமல் முறுக்கி எடுத்தான். அது நடுவில் ஒடிந்தது. ஒடிந்ததை ஒட்ட, கைக்கு வந்த உடனடிப் பசையைத் திறந்தான்.

“அண்ணா, அது வேணாம்,” என்றாள் ஈரத்துணியோடு சற்றுத் தள்ளி நின்ற யுவராணி.

அவளுடைய குரல் எப்போதும் அவ்வளவுதான். அவனுக்குக் கேட்கவில்லை. பசையின் ஆவி பட்டு மாலுமி அறையின் கண்ணாடிகள் வெளுத்தன. வழிந்த பசையில் அவன் கட்டைவிரல் கப்பலோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தபோது விரல் ரேகை வெள்ளை வண்ணத்தில் பதிந்து, துருவில் ஒரு துண்டு கூடவே வந்தது. அவன் நங்கூரத்தை இடுக்கியில் பிடித்தான். அது தெறித்தது.

எல்லோரும் தேடினார்கள். கலியமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டியிட்டார். மாலையிலிருந்து உதிர்ந்த சாமந்தி இதழ்கள், டீக் கப்புகள், செருப்புகள், பெஞ்சின் கால்கள். பிணத்துக்கு அடியில் ஒருவர் போன் வெளிச்சம் அடித்தார். யாரும் காலை நகர்த்தாதீர்கள் என்று அருண்ராஜ் கத்தினான். பந்தலில் அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

“இன்னாத்தத்தான்டி தேடுறானுங்க?” என்று பக்கத்துத் தெரு சின்னப்பாப்பா கேட்டாள். கப்பலுக்கு நங்கூரம் என்றார்கள். “பொணத்த வெயில்ல போட்டுக்கினு பொம்மைக்கு நங்கூரமா? சடையப்பன் எழுந்தா பலகையாலயே சாத்துவான்.”

இரண்டு பேர் சிரித்து, சிரித்ததை இருமலாக்கினார்கள்.

யுவராணி கையிலிருந்த ஈரத்துணியைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் நங்கூரம் ஒட்டியிருந்தது. துணியை மெதுவாக மடித்துக்கொண்டாள்.

வெயில் ஏறுகிறது, இனி தாங்காது என்றார் சித்தப்பா. அருண்ராஜ் தேடுவதை நிறுத்திவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்தான்.

“அப்பா ஒத்தக் கையால செஞ்சாரு சித்தப்பா. எனக்கு ரெண்டு கை இருக்குது. ஒரு துண்ட ஒட்ட முடியல.”

அவன் முகத்தில் துக்கத்தோடு ஒரு பெருமையும் இருந்தது. எழுந்து கப்பலை அப்பாவின் மார்பில் வைத்தான். அவருடைய வலது கையை எடுத்து அதன் மேல் வைத்தான். மூன்று வருஷமாக ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்காத கை. சிலர் போனில் படம் எடுத்தார்கள். மேளம் தொடங்கியது. ஒவ்வொருவராக வந்து வாய்க்கரிசி போட்டார்கள்.

“யுவா, நீயும் போட்டுட்டு வாம்மா. எடுக்கணும்,” என்றார் கலியமூர்த்தி.

அவள் அரிசியைப் போட்டாள். பிறகு அப்பாவின் கையைத் தூக்கி, கப்பலை எடுத்துக்கொண்டு, கையைப் பழையபடி வைத்தாள்.

மேளம் இரண்டு அடி அடித்து நின்றது.

அவள் மேசைக்குப் போனாள். உடனடிப் பசையை ஒதுக்கிவிட்டு, மேசை இழுப்பறையைத் திறந்து வேறு புட்டியை எடுத்தாள். துணியைப் பிரித்தாள். ஊசிமுனையில் ஒரு துளி தொட்டு, இடுக்கியால் நங்கூரத்தைப் பிடித்து, முகப்பின் துளையில் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். கை அசையவில்லை. விட்டபோது நங்கூரம் நேராகத் தொங்கியது.

அருண்ராஜ் கப்பலைப் பார்க்கவில்லை. அவளுடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நகங்களின் ஓரத்தில் வெள்ளையும் துரு நிறமும் காய்ந்திருந்தன.

“நீ எப்பிடி…” என்றான்.

“யுவா,” என்றாள் சுலோசனா.

அவள் கப்பலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது.

“அப்பா ஒண்ணுகூட செய்யலண்ணா. எல்லாம் நான்தான். ஒண்ணு முடிஞ்சாத்தான் நீ அவருகிட்ட நின்னு பேசுவ. அதுக்காக, சீக்கிரம் முடின்னு எங்கிட்ட சொல்லுவாரு.”