வலை வேலியில் நீல நூல்

புல்லின் அடிக்கட்டைகளை விரலால் தடவிப் பார்த்தான் அலெக்ஸாண்டர். அரிவாள் பட்டிருந்தால் வெட்டு சீராக இருக்கும். இது நாக்கால் சுருட்டி இழுத்துக் கடித்தது. மாடுதான். கிழக்கு மூலையில் இரண்டு பாய் விரிக்கும் அளவுக்கு மொட்டையாகக் கிடந்தது. சில இடங்களில் வேரோடு வந்து மண் பிளந்திருந்தது.

அத்திப்பட்டில் அனல் மின் நிலையத்துச் சாம்பல் குழாய் போகும் பாதைக்கும் உப்போடைக்கும் நடுவே இருந்த அந்த இடத்தைப் போன வருஷம் வரை யாரும் நிலம் என்று சொன்னதில்லை. சீமைக்கருவேலம், பால் கவர், குழாய் ஒழுகும்போதெல்லாம் வழிந்து இறுகிய சாம்பல். மாடு வைத்திருந்த நாலு வீடும் சேர்ந்து அதை மேய்ச்சல் நிலம் ஆக்கினார்கள். முள்ளைத் தூரோடு தோண்டி எடுத்தார்கள். சாம்பலைக் கடப்பாரையால் பெயர்த்தார்கள். வரப்பு கட்டி மழைத்தண்ணீரைத் தேக்கி உப்பை இறக்கினார்கள். சாணி கொட்டி உழுது, தீவனத்துக்குக் கொழுக்கட்டைப் புல்லும் வேலிமசாலும் விதைத்தார்கள். வேலிக்கு, காசிமேட்டில் கழித்துப் போட்ட பச்சை வலையை அலெக்ஸாண்டர் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். அவன் மனைவி கரோலின் அதன் கிழிசல்களையெல்லாம் பின்னி அடைத்தாள். அவளுடைய அப்பா காசிமேட்டில் வலை பின்னியே வீட்டைக் காப்பாற்றியவர்.

வேர் பிடிக்கும்வரை மாடு இறங்கக் கூடாது என்று கால்நடை டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனாள். அதைச் சட்டமாக்கியது அலெக்ஸாண்டர். "தை பொறக்கற வரைக்கும் ஒரு வாய் வெக்கக் கூடாது. வெச்சா அந்த வூட்டு மாட்டுக்கு இங்க எடம் கெடையாது." அவனுக்கு அப்படிச் சொல்ல நியாயம் இருந்தது. அவனுடைய முந்தைய பசு ரோட்டில் மேய்ந்து வயிறு உப்பிச் செத்தது. அறுத்துப் பார்த்தபோது ஒரு கோணி நிறைய கவர் வந்தது.

அவன் எழுந்தான். கிழக்கு மூலையை ஒட்டி இருந்தது இசக்கியம்மாள் வீடுதான். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள், தனி ஆள். வெள்ளச்சி என்று ஒரே ஒரு பசு. அதன் பால்தான் அவள் அடுப்பை எரித்தது. யோசிக்க அவனுக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை.

அப்போது பால் ஊற்றும் நேரம். சொம்போடும் தூக்கோடும் ஏழெட்டுப் பெண்கள் அவள் வாசலில் நின்றார்கள்.

"ஏய் இசக்கி! உன் மாட்டுக்கு மட்டும் தை பொறந்துடுச்சா?"

அவள் செம்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். "என்ன சொல்லுதிய அண்ணாச்சி?"

"பொழைக்க வந்த எடத்துல திருட்டு மேய்ச்சலு. நாங்கல்லாம் முட்டி தேய வேலை செஞ்சா, நீ நைசா உள்ள உட்டு மேய்ச்சிக்கினு கீற. பால்ல தண்ணி ஊத்துற கைதானே அது? வேற எப்டி இருக்கும்?"

கடைசியாகச் சொன்னது அவனுக்கே தெரியாமல் வந்தது. அவள் பாலில் தண்ணீர் ஊற்றி அவன் பார்த்ததில்லை. ஆனால் வந்த வார்த்தை வந்ததுதான். பெண்களில் ஒருத்தி தன் தூக்குக்குள் எட்டிப் பார்த்தாள்.

இசக்கியம்மாள் கத்தவில்லை. "வேலியப் பாத்தியளா?" என்றாள். "மாடு உள்ள போவணும்னா வலை அறுந்து கெடக்கணும்லா. வாங்க, பாப்போம்."

சத்தம் கேட்டு, எருமை வைத்திருக்கும் ஜஹாங்கீர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். பெண்கள் வாசலிலேயே நிற்க, மூவரும் கிழக்கு மூலைக்குப் போனார்கள். வலை முழுசாக இருந்தது. அலெக்ஸாண்டர் அதை ஆட்டிக் காட்டினான். "பாரு, அவுத்து உட்டுட்டு மறுபடி கட்டிக்கீறா."

ஜஹாங்கீர் குனிந்து பார்த்தான். "கட்டல மாமு. பின்னிக்கீது." ஓர் ஆள் உயரத்துக்குப் பச்சை வலையில் புதுசாக நீல நூல் ஓடியிருந்தது. ஒவ்வொரு கண்ணியும் ஒரே அளவு. முடிச்சுகள் மிளகு மாதிரி சின்னதாக, இறுக்கமாக. "சோக்கா கீதுபா வேலை. இந்தம்மாவுக்கு வலை பின்னக்கூட வருமா…" சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவன் அலெக்ஸாண்டரின் முகத்தைப் பார்த்தான். அப்புறம் சிரிக்கவில்லை.

"எனக்குப் புடவைத் துணியக் கிழிச்சி முடிச்சிப் போடத்தான் தெரியும்," என்றாள் இசக்கியம்மாள்.

நீல நூல் உருண்டையை மூக்கணாங்கயிறு திரிக்க அலெக்ஸாண்டர்தான் போன வாரம் வாங்கி வந்திருந்தான். மீதி அவன் வீட்டு ஜன்னலில் இருந்தது. அவனுக்குக் காது மடல்கள் சுட்டன. அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெண்கள் சிலர் இன்னும் அவள் வாசலிலேயே நின்றார்கள். "செரி செரி. அப்பால பேசிக்கலாம்," என்று சொல்லிவிட்டு நடந்தான். அது அவன் பேசியதிலேயே கேவலமான பேச்சு என்பது நாலடி நடப்பதற்குள் தெரிந்தது. இருந்தும் திரும்பவில்லை.

கரோலின் தொழுவத்தில் கன்றை நக்கவிட்டுக்கொண்டு நின்றாள். அவனைப் பார்த்ததும் எல்லாம் தெரிந்துபோனது மாதிரி சுவரோடு ஒட்டினாள்.

"கன்னு போட்டு பத்து நாளு. வெறும் வைக்கலத் தின்னுட்டு எங்கிருந்து பால் சொரக்கும்? கன்னு மடிய முட்டி முட்டி கத்துது. ரெண்டே வாட்டிதான்யா உட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா இன்னா பண்ணியிருப்ப?"

அவனுக்குப் பதில் தெரியும். அவளுக்கும் தெரியும். அதனால்தான் மாட்டை வெளியே ஓட்டிய கையோடு உட்கார்ந்து கண்ணி கண்ணியாகப் பின்னியிருக்கிறாள்.

"நீ அந்தம்மாவ ஏசும்போது தெருமொனையிலதான் நின்னேன். வாய் வரல," என்றாள். "நீ ஏசுனது என்னைத்தான்னு நெனைச்சிக்கினேன்."

அவன் கை ஓங்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தான். அதைப் பார்த்திருக்க வேண்டாம் என்று இருந்தது.

அப்புறம் தெருவில் நடந்ததெல்லாம் சத்தமில்லாமல் நடந்தது. இசக்கியம்மாள் வாசலில் தூக்குகள் குறைந்தன. கவர் பால் போதும் என்றார்கள் சிலர். மிஞ்சிய பாலை அவள் டீக்கடைக்குக் கொடுத்தாள். பிண்ணாக்கு வாங்க முடியாமல் போனதும் வெள்ளச்சியை ரோட்டில் அவிழ்த்துவிட்டாள். ஜஹாங்கீர் ஒருநாள் வேலியோரம் நின்று, "மாமு, நான் சொல்லட்டா, நீ சொல்றியா?" என்றான். "நான்தான் சொல்லணும்," என்றான் அலெக்ஸாண்டர். ஆனால் சொல்லவில்லை. தன் சட்டப்படி இனி தன் மாட்டுக்கே இடம் கிடையாது என்பதையும் அவன் யாருக்கும் நினைவுபடுத்தவில்லை.

தை பிறந்தது. புல் முழங்காலுக்கு மேல் நின்று கதிர் தள்ளியிருந்தது. நிலத்தைக் கயிறு கட்டி நாலாகப் பிரித்து, முதல் பாகத்தைத் திறந்தார்கள். எருமைகள் இறங்கின. அலெக்ஸாண்டரின் பசு வந்து வேலியோரம் நின்றது. அவன் அதை உள்ளே விடவில்லை. கரோலின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள். அவன் இசக்கியம்மாள் வீட்டுக்கு நடந்தான்.

பால் நேரம்தான். இப்போது நாலே பெண்கள். போஸ்டர் ஒட்டிய எதிர்ச் சுவரோரம் வெள்ளச்சி நின்றது. விலா எலும்பு தெரிந்தது.

"எக்கா," என்றான். "மேய்ச்சல் தொறந்தாச்சு. மாட்டை ஓட்டிக்கினு வா. மொத வாய் உன் மாடு வெக்கட்டும்."

அவள் சொம்பில் பாலை ஊற்றி முடித்தாள். நுரையை விரலால் வழித்தாள்.

"தெருவுல வச்சிச் சொன்னதத் தெருவுல வச்சே திருப்பிச் சொல்லுங்க அண்ணாச்சி. பொறவு ஓட்டியாரேன்."

நாலு பெண்களும் அவனைப் பார்த்தார்கள். யாரும் போகவில்லை. 'என் பொண்டாட்டி' என்று ஆரம்பிப்பதா, 'நான்' என்று ஆரம்பிப்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்தான். அவன் கண் எதிர்ச் சுவருக்குப் போனது.

வெள்ளச்சி தலையைத் தூக்கி, போஸ்டரின் முனையை நாக்கால் நெம்பியது. பசை இன்னும் ஈரமாக இருந்தது. காகிதம் நீளமாகக் கிழிந்து வரும் சத்தம் தெருவில் எல்லாருக்கும் கேட்டது.