தூக்குகிற கை

திரைச்சீலைக் கடையில் தைப்பது மட்டும்தான் என் வேலை. வீடுகளுக்குப் போய் மாட்டுவதற்கு வேறு ஆள் உண்டு. அன்றைக்கு அந்த ஆள் வரவில்லை என்று முதலாளி என்னை ஏணியில் ஏற்றிவிட்டார். இறங்கும்போது கால் வழுக்கி, இடது தோள் தரையில் மோதிக் கழுத்தடிக் காறையெலும்பு முறிந்தது.

எலும்பு மருத்துவர் சின்னப் பெண். எக்ஸ்ரேயைக் காட்டிப் பொறுமையாகச் சொன்னாள்.

"ரெண்டு வழி இருக்கும்மா. ஆபரேஷன் பண்ணித் தகடு வச்சா எலும்பு சேராமப் போறது ரொம்பக் குறைவு. கையும் கொஞ்சம் சீக்கிரம் வேலைக்கு வரும். ஆனா புண்ணுல சீழ் பிடிக்கலாம். பின்னாடி தகடு உறுத்தினா அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன். சும்மா பட்டை கட்டிக் கையைத் தொங்கவிட்டாலும் பெரும்பாலானவங்களுக்குச் சேர்ந்துடும். சிலருக்குச் சேராது. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா ரெண்டு வழியிலயும் கை அநேகமா ஒரே மாதிரிதான் இருக்கும்."

"ஆபரேஷன்னா இங்கயே தங்கணுமா?"

"ரெண்டு மூணு நாள்."

அதோடு முடிவாகிவிட்டது. வீட்டில் என் கணவர் படுத்த படுக்கை. பஸ் ஓட்டியவர். பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்துவிட்டது. கழிப்பறைக்கு, குளிக்க, நாற்காலிக்கு, எல்லாவற்றுக்கும் நான்தான் தூக்க வேண்டும். வேறு யார் தொட்டாலும் மனிதர் கூசிச் சுருங்கிவிடுவார். "நான் பார்த்துக்கறேன் அண்ணி, நீங்க ஆபரேஷன் பண்ணிக்குங்க" என்றாள் நாத்தனார். நல்ல மனசுதான். ஆனால் தங்கை கையால் துணி மாற்றிக்கொள்கிற ஆளா அவர்? பட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கனம் தூக்கவே கூடாது என்று மருத்துவர் சொன்னதைக் காற்றில் விட்டேன்.

வலது கையை அவர் முதுகுக்குப் பின்னால் கொடுத்து, அவர் தலையை என் இடது தோளில் சாய்த்து, இடுப்பால் முட்டுக்கொடுத்துத் தூக்குவேன். கண்ணில் பூச்சி பறக்கும். வலி தெரியாமல் இருக்க அவரைத் திட்டுவேன்.

"நீங்க ஓட்டின பஸ்ஸே இவ்வளவு கனம் இருக்காது."

"உன் சமையல்ல கனம் எப்படி ஏறும்? இது பழைய உடம்பு" என்று கோணிய வாயால் சிரிப்பார்.

போகப்போக அவர் என்னைக் கூப்பிடுவது குறைந்தது. காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம், அவ்வளவுதான். உடம்பு ஒரு கட்டுக்குள் வருகிறது என்று நாத்தனாரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் அவருக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. ஆஸ்பத்திரியில் வறண்ட நாக்கைப் பார்த்த நர்ஸ், "தண்ணியே கொடுக்கறதில்லையா?" என்று என்மேல் எரிந்து விழுந்தார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கட்டிலை ஒட்டிய ஜன்னல் திட்டில் டம்ளர் டம்ளராக வைத்தவள் நான். ஒவ்வொரு முறையும் காலி டம்ளரைத்தான் எடுத்தேன்.

சலைன் ஏறி அவருக்குக் கொஞ்சம் தெளிந்ததும் கேட்டேன்.

"தண்ணியை என்ன பண்ணீங்க?"

"ஜன்னல் வழியா ஊத்திட்டேன்."

"ஏங்க?"

"குடிச்சா அடிக்கடி போகணும். நீ தூக்கறப்ப என் காது உன் தோள்லதானே இருக்கு. உள்ள எலும்பு உரசறது கேக்குது."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"சொன்னா தங்கச்சியக் கூப்பிடுவ."

படுக்கை மாற்ற ஆட்கள் வந்தார்கள். நான் எழுந்தேன். "நீ உக்காரு" என்று சொல்லிவிட்டு, முன்பின் தெரியாத அவர்களிடம் தன் நல்ல கையை நீட்டினார். சிறுநீரில் இருந்த கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது. அந்த வாரமே போய்ச் சேர்ந்தார்.

சில மாதம் கழித்து அந்த மருத்துவரிடம் போனேன். என் வீட்டு விஷயம் எதுவும் அவளுக்குத் தெரியாது.

"எலும்பு சேரலைம்மா. இப்பவும் ஆபரேஷன் பண்ணலாம். பழையபடி கனம் தூக்கலாம்."

"யாரைத் தூக்கறதுக்கு?" என்று கேட்டுவிட்டேன். பாவம், அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.